சீழும் சீலும்

மதுரை கே.கே. நகரில் சொந்தமாகக் கால்நடைக் கிளினிக் திறந்த முதல் வாரம். நான் வேலூர்ப் பக்கத்துக்காரி. மதுரைப் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். அதை ஒப்புக்கொள்ளாத திமிரும் இருந்தது.

திருமங்கலத்திலிருந்து ஆட்டோவில் டைலர் சேகரும் அவர் மனைவி பாண்டியம்மாளும் ஒரு பெட்டை நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாய்க்கு நெற்றியில் சந்தனம். கழுத்தில் கண்ணாடி வளையல்களைக் கோத்துக் கட்டியிருந்தார்கள்.

“நேத்துதான் எங்க ரோசிக்கு வளைகாப்பு வச்சோம், டாக்டரம்மா. தெருவே வந்து சாப்பிட்டுச்சு. காலைலருந்து புளியோதரையா வாந்தி எடுக்குறா” என்றார் பாண்டியம்மாள்.

வயிறு கல்லாக வீங்கியிருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறதாம். ஸ்கேன் போட்டேன். ஒரு குட்டிகூட இல்லை. பயோமெட்ரா.

“இது கர்ப்பமே இல்லைங்க. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். வாய் மூடியிருக்கு. இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுக்கணும். வெடிச்சா செத்துடும்.”

சேகர் முறைத்தார். “சீலா? எவன் வச்சான்?”

“யாரும் வைக்கலைங்க. தானா வரும்.”

“அதெப்படி தானா வரும்? எங்க பக்கத்துக் கடைக்கு ஆபீசருங்க நாலு பேரு வந்துல்ல வச்சாங்க!”

“ஏங்க, நாஞ்சொல்லல? எதிர்வீட்டுக்காரி நேத்தே கண்ணு வச்சா.”

“கண்ணுதானடி வச்சா, சீலா வச்சா?” என்று மனைவியை அடக்கிவிட்டு என்னிடம் திரும்பினார். “சரி, சீல மட்டும் ஒடச்சு விடுங்க. குட்டி தானா வந்துரும்.”

எனக்கு வந்ததே கோபம். நாக்கை மடித்து “சீழ், சீழ்” என்று பத்துத் தடவை கத்தினேன். நாயின் ஈறு வெளுத்துக்கொண்டே போனது. அவர்களோ வேறு டாக்டரைப் பார்ப்பதாகச் சொல்லி அதைத் தூக்கிவிட்டார்கள்.

வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயா, எங்கள் துப்புரவுப் பணியாளர், தலையை நிமிர்த்தினார். “யக்கா, உள்ள சலம் வச்சிருக்காம்.”

“சலமா? ஆத்தாடி!” பாண்டியம்மாள் நாயை மேஜையில் கிடத்தினார். “அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான, டாக்டரம்மா? அறுத்து எடுங்க, சீக்கிரம்!”

சீழுக்கு இந்த ஊரில் சலம் என்று பேர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சேகர் என் பேனாவைப் பிடுங்கிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

திறந்து பார்த்தால் கர்ப்பப்பை இரண்டு பக்கமும் முற்றிய வாழைக்காய் அளவுக்குப் பருத்து, தொட்டால் கிழியும் நிலையில் இருந்தது. கிழியாமல் எடுத்து முடித்தேன். என் வாய்த்திமிரால் ஒரு உயிர் போகப் பார்த்ததே என்று வெட்கமாக இருந்தது. புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நோயைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அந்த ஊர்க்காரர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாயங்காலம் ரோசி மயக்கம் தெளிந்து தலையைத் தூக்கியது. பாண்டியம்மாள் அதன் முகத்தோடு முகம் வைத்து ஓவென்று அழுதார். அந்த நேரம் பார்த்துத் தெருவிலிருந்து சேகருக்கு போன். ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது.

“மாப்ள, எத்தன குட்டி?”

சேகர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணுதான் மாப்ள. பொட்ட. அச்சு அசல் ரோசி மாதிரியே இருக்கு.”