பெய்ஷோத்தோ சகோதரிகளின் பாட்டு

ஜுஸாரா பதினோரு வருடம் மதுக்கடைகளில் பாடினாள். பிரேசிலின் பெலோ ஹொரிசோந்தி நகரத்தில் தெருவுக்குத் தெரு மதுக்கடை, கடைக்குக் கடை ஒரு கிடார். அவள் குழுவில் நாலு பேர். கீபோர்டுக்கு வால்தெசி, டிரம்முக்கும் பேஸ் கிடாருக்கும் அவனுடைய மைத்துனர்கள் இரண்டு பேர், பாட்டுக்கும் கிடாருக்கும் இவள். மேசைகளிலிருந்து டிஷ்யூ தாளில் பாட்டின் பேரை எழுதி அனுப்புவார்கள். பன்றித்தோல் வறுவலின் எண்ணெய் பட்டு எழுத்து அழிந்திருந்தாலும் குத்துமதிப்பாக எதையாவது பாடியாக வேண்டும்.

சொந்தப் பாட்டு மட்டும் கூடாது. சனிக்கிழமை மதியங்களில் அவர்கள் வாசித்த கடையின் முதலாளி அதல்பெர்த்தோ அதில் ரொம்பக் கறார்.

"தெரியாத பாட்டைப் பாடினா ஜனங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? பில்லு கேப்பாங்க."

மனிதர் சொன்னதில் பொய்யில்லை. வால்தெசி ஒருமுறை ஆசைப்பட்டுத் தன் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டான். மூன்றாவது வரியிலேயே நாலு மேசைகள் பில் கேட்டுக் கை தூக்கின. அன்றோடு அவன் பாட்டுக் கட்டுவதையே விட்டுவிட்டான். ஜுஸாரா விடவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் முணுமுணுத்து முணுமுணுத்துக் கைப்பேசியில் நாற்பது பாட்டுகள் சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்று அவளைப் படுத்தி எடுத்தது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, தான் அணைக்காமல் வந்த ரேடியோ வீட்டுக்குள் பாடுவதை வாசலில் நின்று கேட்கிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு.

ஒரு சனிக்கிழமை துணிந்துவிட்டாள். துணிச்சல் என்றா சொல்வது, புளுகு என்றுதான் சொல்ல வேண்டும். "அடுத்தது பெய்ஷோத்தோ சகோதரிகள் பாடின பழைய பாட்டு" என்று மைக்கில் சொல்லிவிட்டுப் பாடினாள். அப்படி எந்தச் சகோதரிகளும் உலகத்தில் இல்லை. பேர் அந்த நிமிஷம் வாயில் வந்தது, அவ்வளவுதான்.

பாடி முடித்ததும் அதல்பெர்த்தோ கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "யாரும்மா அது பெய்ஷோத்தோ? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

ஜுஸாரா குனிந்து கிடாருக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கினாள். அப்போது சுவரோர மேசையிலிருந்து பெலர்மீனோ வாயைத் திறந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பாட்டு எந்த வருடத்துப் பாட்டு என்று அந்தக் கடையில் தகராறு வந்தால் தீர்ப்பு அவருடையதுதான்.

"நீ கேள்விப்பட்டிருக்க மாட்டே அதல்பெர்த்தோ. நீ தொட்டில்ல கிடந்தப்போ ரேடியோல வந்தது. எங்கம்மா துணி காயப்போடும்போது இதைத்தான் பாடுவா."

முதலாளி கல்லாவுக்குத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் பெலர்மீனோவின் மேசையிலிருந்து ஒரு தாள் வந்தது: 'பெய்ஷோத்தோ சகோதரிகள்.' அதற்கடுத்த வாரம் மூன்று மேசைகளிலிருந்து வந்தது. ஒரு பல் மருத்துவர் தன் அத்தை வீட்டில் அந்த இசைத்தட்டு இருந்ததாகச் சொன்னார். அட்டையில் இரண்டு பேரும் நீல கவுன் போட்டிருந்தார்களாம். ஜனங்கள் இருக்கிறார்களே!

ஜுஸாராவுக்குச் சிரிப்பு வரவில்லை. பல் மருத்துவர் அளக்கிறார், சரி. பெலர்மீனோ அளக்கிற ஆளா? சின்ன வயதில் எங்கேயோ காதில் விழுந்த பாட்டைத்தான் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. அவரிடமே கேட்டிருக்கலாம். ஆமாம், எங்கம்மா பாட்டுதான் என்று அவர் சொல்லிவிட்டால்? இரண்டு வருடம் கேட்காமலேயே ஓட்டினாள். ஜூன் மாதம் பெலர்மீனோ இறந்துபோனார்.

அந்த ஆகஸ்டில் அவள் குழுவை விட்டு விலகித் தனியாக ஒரு கச்சேரி வைத்தாள். நாற்பது நாற்காலி போட்ட சின்ன அரங்கம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி, அவளும் கிடாரும் மட்டும். எல்லாம் சொந்தப் பாட்டு.

வால்தெசி முன்னாடியே எச்சரித்தான். "அந்த ஒரு பாட்டை மட்டும் விட்டுடு ஜு. உன்னோடதுன்னு சொன்னா மூஞ்சிக்கு நேரா திருடின்னுவாங்க."

"என்னோட நல்ல பாட்டே அது ஒண்ணுதான்டா."

"நீதானே தாரை வார்த்தே. இப்போ திருப்பிக் கேட்டா?"

அதுதான் உண்மை. கடைசி வரைக்கும் அவள் முடிவு செய்யவில்லை. எட்டுப் பாட்டு பாடினாள். கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள், அதல்பெர்த்தோவும் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகக் கை தட்டினார்கள். பிறகு ஜுஸாரா சொன்னாள்: "அடுத்த பாட்டு உங்களுக்குத் தெரியும். பெய்ஷோத்தோ சகோதரிகள்னு யாரும் இல்லை. இதை நான் பஸ்ஸில எழுதினேன்."

சலசலப்பு எழுந்தது. பல் மருத்துவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். அதல்பெர்த்தோ எழுந்தே விட்டார்.

"ஏம்மா, நல்லாவா இருக்கு? தன்னோட அம்மா பாடின பாட்டுன்னு பெலர்மீனோ என்கிட்டயே சொன்னார். செத்துப்போன மனுஷன் பொய் சொன்னார்ங்கறியா?"

ஜுஸாராவின் கை கிடாரின் மேலேயே கிடந்தது. அவளுக்கே நிச்சயமில்லாதபோது என்ன சொல்வாள்?

"ஆமா, பொய்தான் சொன்னார்."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பெலர்மீனோவின் மகள் மர்லூசியா.

"எங்க அப்பாவைப் பெத்த பாட்டிக்குப் பொறந்ததுலேருந்தே பேச்சு வராது. ஒரு வார்த்தை பேசினதில்லை. அப்புறம் எங்கேருந்து பாடறது? இவங்க இதை முதல்ல பாடின அன்னிக்குச் சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து சிரிச்சார். 'அந்தப் பொண்ணு புதுசா ஒரு பாட்டு கட்டியிருக்கா, நல்ல பாட்டு, தன்னோடதுன்னு சொல்லப் பயப்படறா. அதல்பெர்த்தோ துரத்திடுவானேன்னு எங்கம்மாவைச் சாட்சிக்கு இழுத்துட்டேன், அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா'ன்னார்."

ஜுஸாராவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ரயில்வே மனிதர் மேல் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை காதோடு சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு வருடம்!

அதல்பெர்த்தோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாடும்மா. யாரும் பில்லு கேக்க மாட்டோம்."

முதல் வரியில் அவள் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டு, தன் பேரைச் சொல்லி, பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள்.