இடக்கதவு

விண்வெளித் தொடர் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். கேப்டன் பக்கத்தில் வந்தாலே கப்பலின் கதவு தானாகத் திறக்கிறது, சரி. அதே கேப்டன் கோபமாகக் கதவு வரை போய், நின்று, திரும்பி இன்னும் நாலு வார்த்தை திட்டும்போது மட்டும் அது ஏன் திறப்பதில்லை? வசனம் பாக்கி இருப்பது கதவுக்கு எப்படித் தெரியும்?

கதவுக்குத் தெரியாது. பின்னால் நிற்கிறவளுக்குத் தெரியும். படப்பிடிப்புக் கூடத்தில் அவளுக்கு இடக்கதவு என்று பெயர்.

வெள்ளி பெயின்ட் அடித்த இரண்டு பிளைவுட் பலகைகள்தான் அந்தக் கதவு. ஆளுக்கொரு கயிறு. இடப்பலகையை அவள் இழுப்பாள், வலப்பலகையை என் வீட்டுக்காரர். சின்ன ஓட்டை வழியாகக் கேப்டனின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். குதிகால் எழும்பினால் போகப்போகிறார். எழும்பாவிட்டால் இன்னும் திட்டப்போகிறார். ஒத்திகையில் ‘ஷ்ஷ்’ என்ற சத்தத்தையும் அவளே வாயால் போடுவாள்.

நான் அங்கேயே தையல் அறையில் இருக்கிறேன். எதிர்காலத்து மனிதர்களுக்குப் பட்டனும் கிடையாது, ஜிப்பும் கிடையாது. அதனால் அவர்கள் உடைக்குள் ஏறியதும் முதுகில் நான் தைத்து மூட வேண்டும். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் என்னிடம் வந்து பிரித்துக்கொள்ள வேண்டும்.

இடக்கதவு முன்பு பணிமனையில் பேருந்து கழுவியவள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். மூட்டை இறக்கி மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். ஆண்பிள்ளைத் தோள். விளக்குக்காரர்கள் அவளைச் சீண்டினால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். என்னிடம் யாராவது பெயர் கேட்டாலே நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவேன்.

வீட்டில் சாப்பாட்டோடு அவள் பேச்சும் வரும்.

“கேப்டன் இன்னிக்குத் துப்பாக்கியத் தலைகீழாப் பிடிச்சுச் சுட்டாரு. எதிரி விழுந்துட்டான். முடி காயவைக்கிற மெஷின்தானே, எந்தப் பக்கம் பிடிச்சா என்னன்னு கேக்கறா இடக்கதவு.”

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

“ஒருத்தர ஒருத்தர் பாக்காம எப்படிங்க ரெண்டு பேரும் ஒண்ணா இழுக்கறீங்க?”

“பழகிடுச்சு.”

நாங்கள் இருவரும் சேர்ந்து போர்வை மடித்தால் இன்றைக்கும் மூலை சேராது. எங்களுக்குப் பழகவில்லை, அவளோடு பழகிவிட்டதாம்.

போன வாரம் கேப்டன் குனிந்தபோது முதுகுத் தையல் பிரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்று தைத்துவிடும்படி என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. தைத்து முடிப்பதற்குள் விளக்குப் போட்டுவிட்டார்கள். கேப்டன் உள்ளே ஓடினார், நான் அங்கேயே ஒதுங்கி நின்றேன்.

வலப்பக்கத்தில் யாரும் இல்லை. அந்தக் கயிறு மேலே கப்பியில் ஏறி இடப்பக்கம் வந்திருந்தது. இரண்டு கயிறும் அவள் கையில். பக்கத்தில் கவிழ்த்த வாளியில் என் வீட்டுக்காரர், வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டையில் கண்ணை வைத்திருந்தார்.

“எழும்புது,” என்றார் மெதுவாக. அவள் இரண்டையும் இழுத்தாள்.

காட்சி முடிந்ததும்தான் அவர் என்னைப் பார்த்தார். “தோள்பட்டைம்மா. தூக்க முடியல. மேனேஜருக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவான்.”

“எப்பலேருந்து?”

அவர் அவளைப் பார்த்தார்.

“மழை பிடிச்சதுலேருந்து, தங்கச்சி,” என்றாள் அவள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அழுவ.”

“நான் அழமாட்டேன்ல, அதான் என்கிட்டச் சொன்னாரு,” என்றாள் இடக்கதவு.

நான் பயந்தது எதுவும் இல்லை என்று மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. வேறு ஏதாவது இருந்திருந்தால் சண்டை போடலாம். இதற்கு என்னவென்று போடுவது? தொடரில் வைத்தியர் ஒரு டிவி ரிமோட்டை ஆள்மேல் ஆட்டிவிட்டு, தலை முதல் கால் வரை என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். நானோ, இவர் சட்டையை இடக்கையால் மாட்டுவதைத் தினமும் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரையும் கவனிக்கிறவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. வலி என் வீட்டில், அதை முதலில் அறிந்தவள் அவள்.

“வலக்கயித்த என்கிட்டக் குடுங்க,” என்றேன்.

“கை கிழியும். தையல் கை வேற,” என்றாள் அவள்.

“கிழியட்டும், குடுக்கா.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அடுத்த காட்சியில் அவர் “எழும்புது” என்றதும் என் பலகை முந்திக்கொண்டது, அவளுடையது பிறகு வந்தது.

“என்னய்யா, கப்பலுக்குப் பக்கவாதமா?” என்று உள்ளேயிருந்து இயக்குநர் கத்தினார்.

மறுபடி இழுத்தோம். இந்தத் தடவை என்னுடையது பிந்தியது. கேப்டன் தோளை இடித்துக்கொண்டார்.

“அவர் சொல்றதக் காதுல வாங்கு,” என்றாள் இடக்கதவு. “என்னையே பாத்துட்டு நிக்காத.”

அவளைப் பார்ப்பதை நிறுத்த எனக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது.