ஜீப்புப் படத்துல யாரு எங்க ஒக்கார்றது

எனக்குத் தெரிஞ்ச ஓவியருங்க ரெண்டே பேரு. ரெண்டு பேரும் போடிமெட்டு ரோட்டுல நாலு வளைவு தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுக்குற ஆளுக. இதுக்கு மேல ஓவியத்தப் பத்திப் பேச எனக்கு யோக்கியத கெடையாது. அஞ்சாப்புல வாத்தியாரு யானை வரையச் சொன்னாரு. நான் வரைஞ்சதப் பாத்துட்டு, "ஆட்டுக்கல்லு நல்லா இருக்குடா"ன்னு மார்க்கு போட்டாரு. அந்த வருசத்தோட பள்ளிக்கூடமும் முடிஞ்சுச்சு, நம்ம கலையும் முடிஞ்சுச்சு. இருந்தாலும் பேசுவேன். வாயி சும்மா இருக்காது.

போடியில இருந்து விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஆளு ஏத்திக்கிட்டுப் போற ஜீப்பு என்னோடது. பூராம் பொம்பளையாளுக, காய் எடுக்கப் போறவுக. சாயங்காலம் திரும்ப எறக்கி விடணும். நடுவுல பகல் பூரா ஒரு சோலியும் இல்லாம ஜீப்புக்குள்ள கால நீட்டிக் கெடப்பேன். அந்த வெட்டிப் பொழுதுலதான் இந்த ரெண்டு பேரும் எனக்குச் சிக்குனாங்க. அவங்களக் கேட்டா நான்தான் வந்து ஒட்டிக்கிட்டேன்னு சொல்லுவாங்க. அதுவும் நெசந்தான்.

ஒருத்தி நம்ம போடிப் பொண்ணு. அவ அப்பா சைக்கிள் கடை வச்சிருந்தவரு. சென்னையில ஓவியக் காலேசுல படிச்சிட்டு வந்து, இப்பத் தேனியில ஒரு பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சரா இருக்கா. லீவு விட்டா நம்ம ஜீப்புல தொத்திக்கிட்டு மேல வந்துருவா. எஸ்டேட்டுல வேலக்காரங்களுக்கு வரிசையாக் கட்டிவிட்ட லைன் வீட்டுல, ஆளில்லாம கெடந்தது ஒண்ணக் கேட்டு வாங்கி, அதுக்குள்ளதான் பெயிண்டும் துணியுமாக் கெடப்பா. என்னைய அண்ணேம்பா, நான் தங்கச்சிம்பேன்.

இன்னொருத்தரு பூப்பாறைப் பக்கத்து மலையாளத்துக்காரரு. தாடி வச்சவரு, நான் சேட்டாம்பேன். அவரு மஞ்சு மட்டுந்தான் வரைவாரு. அதான், மேல காலையில எறங்குற பனிமூட்டம். அதத் தவிர வேற எதுவும் வரைய மாட்டாரு.

மொத மொதல்ல அவரு படத்தப் பாத்துட்டுக் கேட்டேன். "சேட்டா, இதுல என்னா இருக்கு?"

"மஞ்ஞு."

"மஞ்சுக்குப் பின்னாடி?"

"மல."

"மலையக் காணமே?"

"அதான் அண்ணாச்சி மஞ்ஞு."

எங்க வீட்டுச் செவத்துக்கு வெள்ளையடிச்சவன் கையெழுத்துப் போடாமப் போயிட்டான் சேட்டா, விசயம் தெரியாத பயன்னு சொன்னேன். மனுசன் கோவிக்கல. விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறந்தான் தன் கதையச் சொன்னாரு. கப்பல்ல சமையக்காரரா இருந்தவராம். அப்படின்னா கடல வரையலாமுல்ல, மஞ்ச எதுக்கு வரையுறீகன்னு கேட்டேன்.

"கடல ஞான் எங்க அண்ணாச்சி கண்டேன்? அடுப்பு, பாத்திரம், ஆவி. அந்த அறைக்கு ஜன்னலே இல்ல. நாட்டுக்கு வந்து ஒரு காலையில வாசல்ல நிக்கிறேன், எல்லாம் வெள்ளையா இருக்கு, ஆனா சுடல. குளுருது. அதைத்தான் இன்னும் வரைஞ்சு தீரல."

அதுக்கு மேல எனக்கு நக்கலு வரல. அவரு படத்துல பாதி அடுப்பு ஆவியா இருக்குமோன்னு இப்பயும் ஒரு சந்தேகம் உண்டு.

தங்கச்சி வேல வேற மாதிரி. துணிய வெள்ளையா விடவே மாட்டா. மொத சோலியா மண்ணுக் கலர எடுத்து மெழுகுற மாதிரி பூராம் பூசிருவா. ஏன்த்தா நல்ல துணிய அழுக்காக்குறன்னு கேட்டா, "வெள்ளையா இருந்தா எனக்குப் பயமா இருக்குண்ணே. எதையாவது பூசிட்டா அதோட சண்ட போட ஆரம்பிச்சிரலாம்"னா. கொஞ்சம் வரைஞ்சதும் படத்தத் தலகீழா மாட்டிப் பாப்பா. எனக்கு எப்படி மாட்டுனாலும் ஒண்ணு மாதிரிதான் தெரிஞ்சுச்சு. அப்புறம் கண்ணப் பாதி மூடி, பூனை வெயில்ல ஒக்காந்த மாதிரி பாப்பா. அப்படிப் பாத்தா எது வெளிச்சம், எது இருட்டுன்னு மட்டுந்தான் தெரியுமாம், மத்த வம்பெல்லாம் போயிருமாம். நல்லா இருக்கேன்னு நானும் மறுநாளு வளைவுல கண்ணச் சுருக்கிப் பாத்தேன். பின்னாடி இருந்த பொம்பளைக பூராம் சேந்து என்னைய வஞ்ச வசவுல கண்ணு தன்னால தெறந்துருச்சு.

"கல்யாணம் ஏன்த்தா பண்ணல?"ன்னு ஒருநா கேட்டுட்டேன்.

"பண்ணிருந்தா உங்க ஜீப்புல ஏற விட்டிருப்பாங்களாண்ணே?"

"அது சரி. என் பொண்டாட்டியே ஏற மாட்டேங்குறா."

அவ பெருசா ஒரு படம் போட்டுக்கிட்டு இருந்தா. நம்ம ஜீப்புதான். பின்பக்கம் தெறந்து கெடக்க, உள்ள பொம்பளைக நெருக்கியடிச்சு, மடியில தூக்குச்சட்டியோட, குளுருக்குத் தலையில துண்டக் கட்டி ஒக்காந்திருக்காக. டீக்கு நிப்பாட்டுறப்பல்லாம் ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துப் பாத்துக் கோடு போட்டு வச்சுக்கிட்டு, லைன் வீட்டுல ஒக்காந்து பெயிண்டு பண்ணுனது. மதுரையில ஒரு பெரிய கண்காட்சி. அதுக்கு எத்தனையோ தடவ படம் அனுப்பி, அத்தனையும் திரும்பி வந்துருச்சாம். இந்த ஜீப்புப் படத்த மட்டும் போட்டோவுல பாத்துட்டு எடுத்துக்கிர்றோம்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு எஸ்டேட்டு ரோட்டுல அவ ஓடி வந்து சொன்னத நெனச்சா, என் மக பாஸாயிருந்தா கூட நான் அம்புட்டுச் சந்தோசப்பட்டிருக்க மாட்டேன். அதுக்கு வாய்ப்பும் இல்ல, அது வேற.

ஆனா அவகிட்ட ஒரு பிடிவாதம். படத்துல யாரு இருக்காங்களோ அவங்க மொதல்ல பாக்கணும். பாத்துட்டு வேணாம்னு சொன்னா, வேணாந்தான். அனுப்ப மாட்டா.

சாப்பாட்டு நேரத்துல எல்லாரையும் லைன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். தங்கச்சி படத்து மேல மூடியிருந்த துணிய வெலக்குனா. ஒருத்திய ஒருத்தி இடிச்சுக்கிட்டுக் கிட்டப் போனாக. அப்புறம் ஒரே சிரிப்பு. "அடியே ஓம் மூக்கப் பாருடி", "என் தூக்குச்சட்டி மூடிய எங்கடி?" நான் படத்துல இருந்த கதவப் பாத்துக்கிட்டு நின்னேன். என் ஜீப்புக் கதவுல லாரி ஒரசுன நெளிவு ஒண்ணு இருக்கு. அத அச்சு அசலா வரைஞ்சு வச்சிருந்தா. அந்தப் பெருமையில எனக்கு வேற எதுவும் கண்ணுல படல.

செகப்புச் சேலை அக்காவுக்குப் பட்டுருச்சு. "ஏத்தா, நான் எப்பத்தா இவ பக்கத்துல ஒக்காந்தேன்?"

அங்கதான் புடிச்சுச்சு சனி. படத்துல செகப்புச் சேலை அக்காவும் பச்சைச் சேலை அக்காவும் தோளோட தோளு ஒட்டி ஒக்காந்திருக்காக. நெசத்துல செகப்பக்கா கதவோரம், பச்சையக்கா என் சீட்டுக்குப் பின்னாடி. நடுவுல ஜீப்பு பூரா ஆளு. நான் ஏத்துறதே அந்தக் கணக்குலதான். பச்சையக்கா, செகப்பக்காவோட தம்பி பொண்டாட்டி. வருசக்கணக்கா ரெண்டு பேரும் பேச்சு கெடையாது. ஏதாச்சும் சொல்லணும்னா என் வழியாத்தான் சொல்லுவாக. ஜீப்பு மட்டும் இல்ல, போன் டவரும் நான்தான்.

தங்கச்சிக்கு அது தெரியாது. அவ பாத்தது கலரு மட்டுந்தான். "செகப்பும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தாங்க்கா ரெண்டும் தீயா எரியும். பிரிச்சு வச்சா ரெண்டும் செத்துப் போகுது"ன்னு சொன்னா.

"சேத்து வச்சா நாங்க செத்துப் போவோம்"னு செகப்பக்கா சொன்னா.

சரி, ஒருத்தர அங்கிட்டு மாத்திர்றேன்னு தங்கச்சி பெயிண்டு சொரண்டுற கத்தியக் கையில எடுத்தா. யார மாத்துறது? ரெண்டு பேரும் அசையல.

"நான் எதுக்கு எந்திரிக்கணும்? அவ எந்திரிக்கட்டும். சொல்லு தம்பி."

பச்சையக்கா முந்தானைய இழுத்துச் சொருகுனா. அப்புறம் என்னையப் பாத்துச் சொன்னா. "அன்னைக்கு அவ மக சடங்குல நான் தாய்மாமன் பொண்டாட்டி. சீரு தட்டத் தலையில தூக்கிட்டு வந்தவ. போட்டோ எடுக்குறப்ப என்னைய மட்டும் தள்ளி நிக்கச் சொன்னாக. இன்னைக்குப் பெயிண்டுல இருந்தும் தள்ளுவாகளாண்ணே? கேளுங்க."

"நான் எங்க தள்ளுனேன்? போட்டோக்காரன்தான் எடம் பத்தலன்னான். சொல்லு தம்பி அவகிட்ட."

"எடம் பத்தலன்னா இவ நகந்திருக்கலாம்ல? கேளுங்கண்ணே."

நான் அங்கிட்டும் இங்கிட்டும் தலையத் திருப்பிக் கழுத்தே சுளுக்கிருச்சு. கங்காணி கூப்புட்டாரு. எல்லாரும் காய் எடுக்கப் போயிட்டாக. போறப்ப செகப்பக்கா, "இந்தப் படம் வெளிய போகக் கூடாதுத்தா"ன்னு சொல்லிட்டுப் போனா. பச்சையக்கா படத்தத் திரும்பிக்கூடப் பாக்காமப் போனா. அது அதவிட மோசம்.

தங்கச்சி தரையில ஒக்காந்து அழ ஆரம்பிச்சுட்டா. நான் ஆறுதல் சொல்றேன்னு, "மதுரையில யாருக்குத்தா தெரியப் போகுது, பேசாம அனுப்பிரு"ன்னேன்.

"எனக்குத் தெரியும்லண்ணே. மூஞ்சியக் கொடுத்தவங்கள ஏமாத்திட்டு அப்புறம் என்னத்த வரையுறது?"

சேட்டன் அப்பத்தான் வந்தாரு. விசயத்தக் கேட்டாரு, தாடியத் தடவுனாரு. "நடுவுல கொஞ்சம் மஞ்ஞு வச்சாலோ?"

"ஜீப்புக்குள்ள மஞ்சா? இஞ்சின்ல தீப்புடிச்சிருச்சுன்னு ஆளுக குதிச்சு ஓடும் சேட்டா!"

அழுதுக்கிட்டு இருந்த பிள்ள சிரிச்சிருச்சு. நான் சேட்டனோட மல்லுக்கட்டிக்கிட்டே படத்துக்கு முன்னாடி போயி நின்னுட்டேன். தங்கச்சி கண்ணப் பாதி மூடிப் பாத்தா. "அண்ணே, நகராதீங்க."

"என்னத்தா, வெளிச்சத்த மறைக்கிறேனா?"

"இந்தச் சட்டைய எப்ப வாங்குனீங்க?"

"தொவைக்கலன்னு நேராச் சொல்லுத்தா, சுத்தி வளைக்காத."

"காக்கியும் இல்ல, சாம்பலும் இல்ல. ரெண்டு கத்துற கலருக்கு நடுவுல இப்படிச் சத்தம் போடாத கலரு ஒண்ணு இருந்தா, ரெண்டும் இன்னும் நல்லாக் கத்தும்ணே. நடுவுல நீங்க ஒக்காருங்க."

என் வாழ்க்கையில என்னையச் சத்தம் போடாதவன்னு சொன்ன மொத ஆளு அவதான்.

லீவு நாளாப் பாத்து ஸ்டூலுல ஒக்கார வச்சா. கண்ணு, மூக்குல ஆரம்பிப்பான்னு பாத்தா, தாடைக்குக் கீழ இருக்குற நெழல்ல ஆரம்பிச்சா. "மொதல்ல இருட்டப் புடிச்சிட்டா மூஞ்சி தன்னால வெளிய வந்துரும்ணே." எனக்கு வெளிய வந்தது கொட்டாவிதான். நடுவுல ரெண்டு தடவ பூராத்தையும் சொரண்டி எறிஞ்சா. ஏன்த்தா, நல்லாத்தான இருந்தேன்னு கேட்டேன். "ரொம்ப நல்லா இருந்தீங்க, அதான்"னா. அழகா வந்துட்டா அத நம்பக் கூடாதாம். அழகுங்கிற தொந்தரவு என் மூஞ்சிக்கு வந்ததே அன்னைக்குத்தான், அதையும் கத்திய வச்சுச் சொரண்டிட்டா.

முடிஞ்சதும் மறுபடி எல்லாரையும் கூப்புட்டோம். செகப்பக்கா கிட்டப் போயிப் பாத்தா.

"இவனா? இவன் இங்க ஒக்காந்துட்டா ஜீப்ப யாரு ஓட்டுறது?"

அதத்தான் நானும் கேட்டேன்க்கான்னேன். எல்லாரும் சிரிச்சாக. பச்சையக்கா வாயப் பொத்திக்கிட்டு, "அண்ணே, மூச்சு முட்டுதா?"ன்னு கேட்டா. படத்துல நெசமாவே மூச்சு முட்டித்தான் ஒக்காந்திருக்கேன். ரெண்டு பக்கமும் ரெண்டு தோளு இடிக்க, கைய வைக்க எடமில்லாம மடியில கூப்பி, சாமி கும்புடுற மாதிரி.

செகப்பக்கா இன்னொரு வாட்டிப் பாத்தா. "எல்லாஞ் சரித்தா. ஆனா இவன் ஒக்காந்ததுல என் முழங்கையி மறைஞ்சு போச்சு. அதக் குடு."

தங்கச்சி அங்கனயே பிரஷ்ஷ எடுத்து என் வயித்த உள்ள தள்ளி முழங்கைய வரைஞ்சா.

"அப்ப எனக்குங் கையி வேணும்"னு பச்சையக்கா சொன்னா. என் வயிறு இன்னுங் கொஞ்சம் உள்ள போச்சு. படத்துல நான் ஒல்லியா இருக்குறதுக்குக் காரணம் அதுதான், தங்கச்சி கருணை இல்ல.

"ம், கொண்டு போ"ன்னு செகப்பக்கா சொன்னா. பச்சையக்கா தலைய ஆட்டுனா.

மதுரைக்கு ஒரு ஞாயித்துக்கெழம சேட்டனையும் சேத்து எல்லாரும் நம்ம ஜீப்புலதான் போனோம். பெரிய ஹாலு, ஏசி. செவுரு பூராம் படம். நடுச்செவத்துல, நல்ல வெளிச்சத்துல, எங்க ஜீப்பு. என் கதவு நெளிவு உட்பட. கண்ணாடி போட்ட ஒரு அம்மா என் மூஞ்சியவே உத்துப் பாத்துட்டு, "இந்த மனுசர் முகத்துல எவ்வளவு ஆழமான வேதனை"ன்னு பக்கத்துல இருந்தவருகிட்டச் சொன்னாங்க. வேதனை இல்லம்மா, எடம் பத்தலன்னு சொல்ல வாயத் தெறந்தேன். தங்கச்சி மொறச்சா. ஆழமாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

செகப்பக்கா படத்துக்கு அந்தப் பக்கம் நின்னா, பச்சையக்கா இந்தப் பக்கம். வர்றவங்ககிட்டல்லாம் ரெண்டு பேரும் தனித்தனியா, "இது நானு"ன்னு காமிச்சுக்கிட்டு இருந்தாக. தங்கச்சி தூணோரமா நின்னா. அவள யாருக்கும் தெரியல. அவளும் தானா முன்னால வர்ற ஆளு இல்ல.

ஒரு பெரியவரு வந்து நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு. "இத யாரு வரைஞ்சது?"ன்னு கேட்டாரு.

"எங்க பொண்ணு!"

ரெண்டு பக்கமிருந்தும் ஒரே சத்தமா வந்துச்சு. ரெண்டு கையும் ஒண்ணா நீண்டு தூணக் காமிச்சுச்சு. ஹாலே திரும்பி தங்கச்சியப் பாத்துச்சு. பிள்ள மூஞ்சி செகப்பக்கா சேலைக்கு மேல செவந்து போச்சு. இவளையா நம்ம ஜீப்புல வாந்தி எடுக்குறான்னு நக்கலடிச்சோம்னு எனக்கு எம்மேலயே கோவம் வந்துச்சு. சேட்டன்கிட்டத் திரும்பி, "பாத்தீகளா, நம்ம ஊரு"ன்னேன். "கண்டேன் அண்ணாச்சி, கொஞ்சங்கூட மஞ்ஞு இல்ல"ன்னாரு.

ஒண்ணாச் சொல்லிட்டோம்னு தெரிஞ்சதும் அக்காமாரு ரெண்டு பேரும் வெடுக்குன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. திரும்பி வர்றப்ப ஒருத்தி கதவோரம், ஒருத்தி என் சீட்டுக்குப் பின்னாடி. தேனி தாண்டுற வரைக்கும் ரெண்டு பேரும் அந்தப் பெரியவரு கேட்டதையே, ஆளுக்கொரு விதமா, என்கிட்டயே சொல்லிக்கிட்டு வந்தாக.