உண்டு என்று எழுதுகிறவர்

காலையில் கண் விழித்ததும் தம்பிதுரை கப்பலைப் பார்க்கிறார். பல் துலக்குவது, காப்பி எல்லாம் அதற்கப்புறம்தான். கைப்பேசித் திரை முழுக்க நீலம். அதன் நடுவில் நகத்தளவு ஒரு பச்சை அம்பு; அதுதான் கப்பல். அம்பு நேற்றைவிட நகர்ந்திருந்தால், அடுக்களையில் இருக்கும் மனைவி ராசாத்தாளுக்குக் கேட்கும்படி "ஓடுது அம்மணி" என்று சொல்வார். நகராமல் இருந்தால் வாயைத் திறக்கமாட்டார். கைப்பேசியை அணைத்துவிட்டு, மறுபடி போட்டு, முதலிலிருந்து பார்ப்பார்.

அந்தக் கப்பலில் அவருடைய ஒரே மகள் லோகப்பிரியா படித்துக்கொண்டிருக்கிறாள். கடலில் போய்க்கொண்டே மூன்றரை மாதம் பாடம் நடக்கும். வழியில் வரும் துறைமுகங்களில் இறங்கி, அந்தந்த ஊரைப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் கல்லூரியிலிருந்து முழு உதவித்தொகையோடு தேர்வானவள் அவள் ஒருத்திதான். மகள் வந்து கேட்டபோது தம்பிதுரை கடலிலேயேவா என்று இரண்டு தடவை கேட்டார். ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அவருக்கு வராது.

கணபதி என்கிற பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அவருடைய பட்டறை. தண்ணீர் பம்ப்புகளைப் பழுது பார்த்து, சோதித்து அனுப்புவார். பம்ப்பை ஓடவிட்டு, நீளமான திருப்புளியின் நுனியை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "உள்ள ஒருத்தன் இருமறானுங்க, கழட்டுங்க" என்பார். கழற்றினால் சொன்ன இடத்தில் தேய்மானம் இருக்கும். முப்பது வருடமாகத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும் இந்த மனிதருக்குத் தண்ணீர் என்றால் பயம். சோதனைத் தொட்டி ஐந்தடி ஆழம்தான். அதற்கு அவர் போட்டிருக்கும் இரும்புக் கிராதியில் ஒரு கை நுழையாது. வேறெந்தப் பட்டறையிலும் இப்படி ஒரு கிராதி கிடையாது. அப்பாவுக்குக் கருமம் செய்யக் கொடுமுடிக்குப் போனபோதும், முங்கி எழச் சொன்ன ஐயரிடம் "சொம்புல மொண்டு ஊத்திக்கறனுங்க, கணக்கு ஒண்ணுதானுங்களே" என்று பேரம் பேசி, மேல்படியில் உட்கார்ந்தே காவிரியை முடித்துக்கொண்டு வந்தவர்.

அதே கொடுமுடியில் இன்னொன்றும் நடந்தது. அதை அவர் ராசாத்தாளிடம்கூடச் சொன்னதில்லை. லோகப்பிரியாவுக்கு அப்போது ஆறு வயது. பாசிப்படியில் கால் வழுக்கி அவள் தண்ணீருக்குள் போய்விட்டாள். இரண்டு படி கீழேதான். தம்பிதுரை பார்த்துக்கொண்டு நின்றார். குதிக்க வேண்டும் என்று தெரிந்தது, கால் வரவில்லை. பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்பிள்ளை எட்டி மகளின் முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். குழந்தை அழுது முடித்து ஐஸ் கேட்கத் தொடங்கிய பிறகும் அவர் அதே படியில் நின்றுகொண்டிருந்தார்.

தம்பிதுரையிடம் இன்னொரு வினோதமும் உண்டு. எந்த விண்ணப்பத்திலும் அவர் 'இல்லை' என்று எழுதியதே கிடையாது. வேலை கொடுக்கும் முன் பெரிய கம்பெனிகள் அனுப்பும் படிவங்களில் இந்த வசதி உண்டா, அந்த மிஷின் உண்டா என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் உண்டு, உண்டு, உண்டு. "இல்லைன்னு எழுதுனா எடுத்து அக்கட்ட வெச்சுப்போடுவானுங்க. எழுதிப்போட்டா ஆச்சு, அப்பறம் பாத்துக்கலாம்" என்பார். வேலை கையில் வந்ததும் இல்லாத மிஷினை வாடகைக்குப் பிடிப்பார், தெரியாத வேலையை மூன்று நாளில் கற்றுக்கொள்வார். எழுதிய 'உண்டு' எதையும் அவர் பொய்யாக விடுகிறவர் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ஒருமுறை கோயில் விழாக் குழுப் படிவத்தில் 'பாடத் தெரியுமா' என்று கேட்டதற்கும் தெரியும் என்று எழுதிவிட்டு, ஒரு வாரம் பட்டறைக்குள் பாடிப் பழகினார். அந்த வாரம் திருப்புளி வைத்துக் கேட்காமலே எல்லா பம்ப்பும் ரிப்பேர் என்றுதான் பட்டறையில் பேசிக்கொண்டார்கள்.

கப்பல் படிப்புக்கான படிவத்தையும் பட்டறை மேஜையில் வைத்து அவர்தான் நிரப்பினார். 'நீச்சல் தெரியுமா' என்று ஒரு கேள்வி. பேனா நிற்கவே இல்லை; தெரியும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"ஏனுங்கப்பா, எனக்கு நீச்சல் தெரியாதே" என்றாள் லோகப்பிரியா.

"அதுக்கென்ன கண்ணு, நாலு மாசம் கெடக்குது. கத்துக்கலாம்."

நாலு மாதத்தில் பதினேழு ஞாயிறு வந்தது. ஒரு ஞாயிறு அமாவாசை. ஒரு ஞாயிறு மகளுக்குச் சளி. ஒருநாள் காந்திபுரம் வரை வண்டியில் கூட்டிப்போய், நீச்சல் குளத்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பச்சையாகக் கிடந்த தண்ணீரைக் கண்டதும், "மருந்து வாசம் ஜாஸ்தியா அடிக்குது, அடுத்த வாரம் வரலாம்" என்று நீச்சல் உடை வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் எழுதிப் பொய்யாக விட்ட உண்டு அது ஒன்றுதான்.

போன செவ்வாய்க்கிழமை கப்பல் மொரீசியஸ் தீவில் நின்றது. முந்தின மாலையே மகள் ஒரு பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பவளப் பாறைகளைத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்கும் வகுப்பு. நீச்சல் தெரிந்தவர்கள் முப்பத்திநாலு பேர். பத்தொன்பதாவது பெயர் லோகப்பிரியா தம்பிதுரை. காலை ஒன்பது மணிக்குப் படகு கிளம்பும். அங்கே ஒன்பது என்றால் இங்கே பத்தரை. அன்றைக்கு அவர் பல் துலக்க மறந்து பட்டறைக்கு வந்தார். எட்டு மணிக்கு மகளுக்கு, இறங்காதே கண்ணு என்று செய்தி அனுப்பினார். ஒன்பதரைக்குக் குரலாகப் பதில் வந்தது. "லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்கப்பா. இப்பப் போயித் தெரியாதுன்னு சொன்னா அசிங்கம். நீங்கதான சொல்லுவீங்க, எழுதிப்போட்டா ஆச்சு, அப்பறம் பாத்துக்கலாம்னு. நான் பாத்துக்கறேன்." அதற்குப் பிறகு அவள் கைப்பேசியை எடுக்கவில்லை.

தம்பிதுரை கப்பல் படிப்புக்காரர்கள் கொடுத்திருந்த கையேட்டை எடுத்துக்கொண்டார். எதிர் பட்டறை எபினேசரிடம் ஓடினார். எபினேசர் லேத் வைத்திருப்பவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்; தம்பிதுரையின் ஆங்கிலக் கடிதமெல்லாம் அவர் கைவண்ணம். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெற்றோருக்கான கையேட்டைப் புரட்டினார். அவசர எண் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது.

"அண்ணா, தப்பாத் தகவல் எழுதியிருந்தா அடுத்த துறைமுகத்துலயே எறக்கி ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்களாம். உதவித்தொகையும் போயிருமுங்க. சொல்லட்டுங்களா?"

தம்பிதுரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து பத்து. படிப்பு போனால் மகள் ஆயுசுக்கும் பேசமாட்டாள். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது.

"கூப்பிடுங்க" என்றார்.

மறுமுனையில் ஒரு பெண்மணி எடுத்தார். எபினேசர் பொறுமையாக விளக்கினார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கைப்பேசியைப் பொத்திக்கொண்டு நீட்டினார். "படிவத்துல கையெழுத்துப் போட்டவர் வாயாலயே சொல்லணுமாமுங்க. புள்ளைக்கு நீச்சல் தெரியுமா தெரியாதான்னு கேப்பாங்க. யெஸ்ஸா நோவா, அவ்வளவுதானுங்க."

தம்பிதுரை கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். கேள்வி வந்தது. அவர் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். கேள்வி மறுபடி வந்தது. லேத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நோ" என்றார். "நோ மேடம். நோ. என்ற புள்ளைக்குத் தெரியாதுங்க. நோ."

இணைப்பு எப்போது துண்டானது என்றே அவருக்குத் தெரியாது. எபினேசர் கைப்பேசியை வாங்கிக்கொண்ட பிறகும் நோ சொல்லிக்கொண்டிருந்தார். மணி பத்து இருபது. சொன்னது படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்ததா, அதற்குள் படகு கிளம்பிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. தன் பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது, ஆடை கட்டியது. எபினேசர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மகள் வீடியோவில் வந்தாள். வெயிலில் முகம் கன்றிச் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. தலைமுடி காய்ந்திருக்கிறதா என்றுதான் தம்பிதுரை முதலில் பார்த்தார். காய்ந்திருந்தது.

"எல்லாரு முன்னாலயும் பேரைப் படிச்சு வெளிய நிறுத்திப்போட்டாங்கப்பா. கால்ல நீச்சல் துடுப்புக்கூட மாட்டிட்டேன். அதைக் கழட்டி வேற ஒருத்திக்குக் குடுக்கச் சொன்னாங்க."

"செரி கண்ணு."

"சாயங்காலம் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. வெச்சுக்குவாங்களா, அனுப்பிப்போடுவாங்களான்னு தெரியாது."

"செரி கண்ணு."

"என்னத்துக்குப்பா சொன்னீங்க?"

தம்பிதுரை எபினேசரைப் பார்த்தார். இதற்கு எபினேசரிடம் மொழிபெயர்ப்பு இல்லை.

"பயமா இருந்துச்சு கண்ணு" என்றார். மகளிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான்" என்றாள் அவள், கோபம் குறையாமலே. பிறகு கைப்பேசியைத் திருப்பினாள். வெள்ளை மணல். அதற்கப்பால் கண் கூசும் நீலம். தூரத்தில் ஒரு படகும் தண்ணீருக்கு மேல் சின்னச் சின்னத் தலைகளும் தெரிந்தன.

"இங்க கரையில வெறும் கணுக்கால் ஆழம்தான்பா. இதுக்கா இப்படி? நானே காட்டறேன், பாருங்க. இந்தா, இங்கதான் நிக்கறேன்."

திரையில் இப்போது அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. விரல்களுக்கிடையில் மணல் ஒட்டியிருந்தது. ஓரத்திலிருந்து ஒரு சின்ன அலை நுரைத்துக்கொண்டு அந்தப் பாதங்களை நோக்கி வந்தது. கணபதியில், பட்டறையின் காய்ந்த சிமெண்டுத் தரையிலிருந்து தம்பிதுரை தன் இரண்டு கால்களையும் வெடுக்கென்று தூக்கி முக்காலி மேல் வைத்துக்கொண்டார்.