லவுத்தோக்காவில் மீந்த ஒரு புளியங்கொட்டை

காலை ஒன்பதே முக்காலுக்கு ஃபிஜியின் நந்தி விமான நிலையத்தில் இறங்கினேன். ஆக்லாந்திலிருந்து மூன்று மணி நேரப் பயணம். வந்த விமானத்தில் பாதி இருக்கைகள் காலி. புறப்படும் பக்கத்திலோ நிற்க இடமில்லை. இந்திய வம்சாவளிப் பிரதமரை இறக்கிய இரண்டாயிரமாம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. தலையணை, பிரஷர் குக்கர், சாமி படம் என்று சுமந்துகொண்டு நாட்டை விட்டுப் போகும் இந்தியர்கள் குடும்பம் குடும்பமாக நின்றார்கள்.

நான் வந்த காரியம் வேறு. ஆக்லாந்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் முத்துசாமி, எண்பத்தேழின் முதல் கவிழ்ப்புக்குப் பிறகு ஃபிஜியை விட்டு வந்தவர். ஊரில் கரும்பு போடும் அவர் தம்பி சின்னசாமியின் மகள் ஷாலினிக்கு அமெரிக்காவில் இரண்டு சிறு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. எது நல்லது என்று சொல்ல அங்கே ஆளில்லை. இருபது வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். அறிவுரை சொல்வதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சின்னசாமியின் வீட்டுக்குப் பக்கத்து நகரமான லவுத்தோக்காவுக்குப் பேருந்தில் போயிருந்தால் இரண்டு டாலருக்குள் முடிந்திருக்கும். சொகுசுக்கு ஆசைப்பட்டு இருபத்தைந்து டாலருக்கு டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான வோட்டுவாலேவுக்காரர். தன் தெருவில் மூன்று வீடுகள் கனடாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். வீடுகள் எப்படிப் போகும் என்று கேட்கத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை அடிவாரம் வரைக்கும் கரும்பு. இத்தனை பச்சையை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டே வந்தேன்.

பகல் பதினொன்றரை. லவுத்தோக்காவைத் தாண்டிப் பத்து கிலோமீட்டர் உள்ளே, கரும்புக்கு நடுவில் தகரக் கூரை வீடு. சின்னசாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் தமிழ் பழைய சென்னைப் பக்கத்துத் தமிழ், நடுநடுவே இந்தி. மனைவி சரோஜ்னிக்கு இந்திதான். முப்பது வருடக் குத்தகை முடிந்துவிட்டது. இந்த அறுவடையோடு நிலத்தையும் அதிலிருக்கும் வீட்டையும் விட வேண்டும். கோழிக்கறி பரிமாறிக்கொண்டே இதைச் சொன்னார், நாளைக்கு மழை வரும் என்பது போல.

சாப்பிட்டதும் ஷாலினி இரண்டு கடிதங்களையும் எடுத்து வந்தாள். இசை, வானியல், தத்துவம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துத் துறையைத் தேர்ந்துகொள்ளும் கல்லூரிகள் அவை. ஒன்று மக்காச்சோள வயல்களுக்கு நடுவில். நான்கு வருடச் செலவும் தங்களுடையது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மற்றொன்று குளிர்ந்த கடலோரத்தில். முதல் வருடம் முழுச் செலவும் கல்லூரியுடையது. அதற்குப் பின் வருடா வருடம் பார்த்து முடிவு செய்வார்கள். அது நான்காவது பத்தியில் இருந்தது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். அவள் என்னைக் கரும்புக்குள் அழைத்துப் போனாள். கடலோரக் கல்லூரிக்குத்தான் போக ஆசை என்றும், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அப்பாவுக்கு நான்காவது பத்தி தெரியாது என்றும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். சாயங்காலம் அக்கம்பக்கத்தார் முன்னால் நான்தான் இரண்டையும் வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டுமாம். அந்த ஒரு பத்தியை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டாள். பிள்ளை முகம் வாடியிருந்தது. சரி என்றேன்.

மாலை நான்கு மணி. பாய் விரித்து எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் கவா என்னும் வேர்ப் பானம், அகலமான மரப் பாத்திரத்தில். ஒவ்வொருவரும் குடித்துவிட்டுக் கை தட்டினார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரப் பூர்வகுடிக் குலத்தைச் சேர்ந்த எப்பேலியும் வந்திருந்தார். சின்னசாமியோடு சேர்ந்து வளர்ந்தவர். குத்தகையை நீட்டிக்க வேண்டாம் என்று அவர் குலம் முடிவெடுத்தபோது அவர் பேச்சு எடுபடவில்லை. கரும்பு வெட்டுகிறவர்கள் ஒரு பெண்ணின் கல்லூரிக் கடிதத்தைக் கேட்கக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்ததைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது.

முதல் கடிதத்தை வரி விடாமல் வாசித்தேன். துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றிய வரிக்குக்கூடத் தலையாட்டினார்கள். சரோஜ்னி எனக்குப் பின்னால் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். ராத்திரிக் குழம்புக்குப் புளி ஆய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கடிதத்தில் மூன்றாம் பத்தியிலிருந்து ஐந்தாம் பத்திக்கு வழுக்கினேன். முடித்ததும் சரோஜ்னி கணவர் முன்னால் ஒரு கொட்டையை வைத்தார்.

"மாஸ்டர், ஒன்னு மீந்துபோச்சி" என்றார் சின்னசாமி.

அப்புறம்தான் விளங்கியது. இந்த வீட்டில் கையெழுத்துப் போடும் காகிதத்தை வெளியாள் வாசிக்க வேண்டும். முன்கூட்டியே காகிதத்தைப் பார்த்துப் பத்திக்கு ஒரு கொட்டை எண்ணி வைத்து, ஒவ்வொரு பத்தியை வாசித்து நிறுத்தும்போதும் ஒன்றை எடுக்க வேண்டும். கடைசியாக இது நடந்தது குத்தகைப் பத்திரத்துக்கு. ஷாலினி அப்போது பிறக்கவே இல்லை.

சின்னசாமி கோபப்படவில்லை. "கரும்புக் கூலிக்கு ஊர்ல ஆள் புடிச்சப்ப எங்க பாட்டனுக்கும் இப்பிடித்தான் காகஜ் படிச்சிக் காட்டினாங்க, மாஸ்டர். கப்பல்ல ஏறுற வரைக்கும் உள்ளதை மட்டும் படிச்சாங்க, மீதியை விட்டுட்டாங்க. படிச்சவரு ரொம்ப நல்லவருன்னு பாட்டன் சொல்லும்" என்றார்.

நான் கூனிக் குறுகிப் போனேன். ஏமாற்றி ஆள் பிடித்தவர்கள் எல்லாம் முரடர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். என்னைப் போல ஒருவனாகவும் இருந்திருக்கலாம்.

ஷாலினி எழுந்து, மாமா மேல் தப்பில்லை, விடச் சொன்னது நான்தான் என்றாள். நான்காவது பத்தியை வாசித்தேன். ஏன் அங்கே என்று அப்பா கேட்டதும் அவள் உள்ளே போய் வேறொரு கடிதம் கொண்டு வந்தாள். அந்தக் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் பாடம் எடுக்கும் ஓர் அம்மாள் கையால் எழுதியது. விண்ணப்பத்தோடு ஷாலினி அனுப்பிய கட்டுரையில் ஒரு விஷயம் தப்பு என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தார். இதுவரை தன்னோடு யாரும் இப்படிச் சண்டை போட்டதில்லை என்றாள் ஷாலினி. உதவியை நிறுத்திவிட்டால் திரும்பி வர வீடு இருக்காது என்பதும் தனக்குத் தெரியும் என்றாள். எப்பேலி குடிக்காமலே கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

சின்னசாமி மகளைப் பார்த்துச் சொன்னார்: "முப்பது வருஷம்னு எழுதின காகஜ் மேலதான் நாங்க குடியிருந்தோம். அதுவும் முடிஞ்சிபோச்சி. நாலு வருஷம்னு எழுதிக் குடுத்தா மட்டும் என்னா? ஒனக்காகக் குந்தி ரெண்டு பக்கம் எழுதுச்சே, அந்தம்மாகிட்டயே போ. எங்கிட்ட மட்டும் மறைக்காதம்மா."

அவள் அழுதுகொண்டே கடலோரக் கல்லூரியின் காகிதத்தில் கையெழுத்திட்டாள். சாட்சியாக எப்பேலி போட்டார். கல்லூரி சாட்சி கேட்கவில்லை, வீடு கேட்டது. ஊர் ஊராக எத்தனையோ மாணவர்களுக்கு வழி சொல்லியிருக்கிறேன். இவ்வளவு பெரிய மனதை நான் எங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சின்னசாமி பேருந்தில் என்னோடு விமான நிலையம் வரை வந்தார். புறப்படும் கூட்டம் நேற்றைப் போலவே இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் என் மகனுக்கு நானே கல்லூரி பார்த்து, நானே படிவம் நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் அவனைக் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. சின்னசாமியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அறுவடைக்குப் பிறகு எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"தீவுக்கு அந்தாண்ட, நவுசோரிப் பக்கம் எடம் இருக்குதுன்னு சொல்றாங்க. அண்ணன் எனக்காக நியூசிலாந்து சர்க்காருக்கு எழுதிப் போட்டிருக்குது" என்றார். பிறகு சிரித்தார். "எனக்கு இன்னும் யாரும் காகஜ் அனுப்பல, மாஸ்டர்."

வந்தால் சொல்லுங்கள், நான் வந்து வாசிக்கிறேன், ஒரு பத்தி விடாமல் வாசிக்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். கடைசி அழைப்பு வரும்வரை என் கையை விடவில்லை.