வாட்டம் பார்க்கும் கல்லக்கா

கல்லைக் கையில் எடுத்ததும் விரலை மடக்கி ஒரு தட்டு, பூட்டிய கதவைத் தட்டுவதுபோல. கணீரென்று கேட்டால் மணல் மெத்தையில் வைத்து ரப்பர் சுத்தியலால் அமர்த்துகிறார். மந்தமாகக் கேட்டால், "உனக்கு உடம்பு சரியில்ல, போய்ப் படு" என்று மதில் ஓரமாகப் போட்டுவிடுகிறார்.

பேவர் பிளாக் பதிக்கும் இந்த அம்மாளைத் தெருவே கல்லக்கா என்றுதான் கூப்பிடுகிறது. புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. முழங்காலில் டயர் ட்யூபை வெட்டிக் கட்டிய உறை. மண்டியிட்டே பின்னோக்கி நகரும்போது அவருக்கு முன்னால் பாதை விரிந்துகொண்டே போகும். மாடியில் குடியிருக்கும் நான் அடுப்பில் பாலை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கீழ்வீட்டு டீச்சரின் கணவர் பக்கவாதத்தில் படுத்தவர். மழை பெய்தால் தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி, கார்ப் பாதை வழியாக அவர் கட்டிலுக்கடியில் வந்து நிற்கும். எழுந்து ஓட முடியாத மனிதர், தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டபடியே கிடப்பார். அதற்காகத்தான் பழைய பாதையைப் பெயர்த்து, தண்ணீர் கேட்டோர வடிகாலுக்கு ஓடும்படி புதிதாகப் போடச் சொன்னார் டீச்சர்.

"தண்ணி மாமியார் மாதிரி டீச்சரம்மா. வழி காட்டலன்னா நேரா உள்ள வந்து உக்காந்துக்கும்" என்றார் அக்கா.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, பார்க்க அவரிடம் இருப்பது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் ஒரு நீளமான டியூப்; இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தை வைத்துத்தான் கணக்கு. ஒரு முனை வாசலில், அவர் கையில். மறுமுனை கேட்டில், கூடவே வேலை செய்யும் அவர் கணவர் கையில். இருவரும் குரல் கொடுத்துக்கொண்டே பார்க்க வேண்டிய வேலை. அந்த நேரம் பார்த்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உறவுக்காரர் வீட்டில் எல்லார் முன்னாலும், "இவ சுத்தியலைவிட வாய் பெருசு" என்று சொல்லிவிட்டாராம் மனிதர்.

"டீச்சரம்மா, அந்த ஆளை டியூப்பக் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க."

"போதுமான்னு கேளுங்க டீச்சர்."

நடுவில் நின்று தூது போன டீச்சர், தன் கணவருக்குச் சாப்பாடு ஊட்ட உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு வெறும் கையசைப்புதான்.

ஓரக்கல் நட்டு, கல் பதித்து, இடுக்கெல்லாம் மணல் கூட்டியதும் பாதை விரித்த ஜமக்காளம்போல இருந்தது. அக்கா வாசலருகே ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்தார். தண்ணீர் சற்றுத் தயங்கியது. பிறகு, ஐயோ, வாசலைப் பார்த்தே நடந்தது.

அக்கா வாளியைக் கீழே போட்டார். அவர் கணவர் தலையைச் சொறிந்தார். "டியூப்புல காத்துக் குமிழ் இருந்துச்சு, அதான் மட்டம் பொய் சொல்லிருச்சு. பார்த்தேன்."

"பார்த்தா சொல்றதுக்கென்ன? வாயை வாடகைக்கா விட்டிருந்தே?"

"நீதானே என்கிட்டப் பேசாதேன்னே!"

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. "போகட்டும்மா. வாசப்படியக் கொஞ்சம் உயர்த்திட்டா தண்ணி வராதுல்ல?"

"அப்புறம் ஐயா சக்கர நாற்காலி எப்படி வெளிய வரும்?" என்ற அக்கா, கடப்பாரையை எடுத்துத் தான் நட்ட முதல் ஓரக்கல்லைத் தானே நெம்பினார். வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் தெருவே அதிர்ந்தது. "ஏத்துய்யா!" "ஏத்திட்டேன்டி!" "குமிழ் இருக்கா பாரு!" "இல்ல!" "நல்லாக் கண்ணத் திறந்து பாரு!" இத்தனை இனிமையான சண்டையை நான் எழுதிய எந்தக் கதையிலும் கேட்டதில்லை. கல் ஒவ்வொன்றும் மீண்டும் கைக்கு வந்து, மீண்டும் மண்ணில் அமர்ந்தது.

கடைசி இடுக்கில் மணல் விழுந்த கையோடு மழை கொட்டியது. நாங்கள் எல்லோரும் கேட்டையே பார்த்தோம். தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. "இந்தா, போகுது பாரு!" என்று கணவர் கத்தினார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. சேலையில் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலருகே மண்டியிட்டு, தோள்வரை கையை அடியில் விட்டுத் தரையைத் துழாவினார். பிறகு, தலையைத் திருப்ப முடியாத அந்த மனிதரின் கண்ணுக்கு நேரே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் வெறும் தூசிதான் ஒட்டியிருந்தது.