இடப்பக்கம் இழுத்த அம்பாசிடர்

அப்பாவின் பழைய அம்பாசிடருக்குப் சக்கரத்தைத் தாங்கும் புது சஸ்பென்ஷன் ஆர்ம்களை மாட்டிய மெக்கானிக், நூல் பிடித்து முன்சக்கரங்களை நேராக்கினார். கழற்றிப் போட்ட ஆர்மின் கிரீஸ் வாடை என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோனது. அப்பாவுக்குத் தெரியாமல் வண்டியை எடுத்து, நெடுங்காட்டு வாய்க்கால் மதகில் மோதவிட்டு, அந்த ஆர்மை வளைத்தவன் நான். யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் வண்டி இடப்பக்கமே இழுத்தது. அந்தப் பக்கம்தான் சாராயக்கடை.

"வண்டி தானா திரும்புதுடி," என்பார் அப்பா, தள்ளாடியபடி.

"ஆமா, வண்டிக்குத்தான் தாகமாக்கும்," என்பாள் அம்மா. அப்பாவுக்கு அந்த ராத்திரிகளில் சோற்றுக்கு வெறும் ரசம்தான்.

இன்று தொண்ணூறு வயது அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டினேன். வண்டி நேராகப் போனது. மனம் பொறுக்கவில்லை.

"அப்பா பொய் சொல்லலம்மா. வளைச்சது நான்தான்."

அம்மா சிரித்தாள். "வளைச்சது நீதான், சரி. அப்பவே சரிபண்றேன்னு ஒரு மெக்கானிக் வீட்டுக்கே வந்தப்ப, வேணாம்னு திருப்பி அனுப்பினது உங்கப்பா இல்லாம வேற யாருடா?"